எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கறதா வேண்டாமா? எல்லாரும் என்கிட்ட கேக்கற கேள்விங்க

பெங்களூர்ல மாரத்தஹள்ளி பக்கம் ஒரு ஷோரூம்ல 6 வருஷம் வேலை பாத்தேன், முதல்ல பில்லிங், அப்புறம் சர்வீஸ் டெஸ்க். வேலையை விட்டு 4 வருஷம் ஆச்சு, ஆனா ராமமூர்த்தி நகர்ல எங்க அபார்ட்மெண்ட்ல இருக்கற தமிழ்க்காரங்க யாரு ஃபிரிட்ஜ் வாங்கப் போனாலும் சரி, வாஷிங் மெஷின் வாங்கப் போனாலும் சரி, கவுண்டர்ல நின்னுக்கிட்டே எனக்கு போன் போடுவாங்க. "அக்கா, 3,299 கட்டினா இன்னும் 2 வருஷம் வாரண்டியாம், கட்டட்டுமா?" பின்னாடி சேல்ஸ் பையன் குரல் கேக்கும். அந்த அவசரத்துல முழுசா சொல்ல முடியறதில்ல, அதான் உக்காந்து எழுதிட்டேன். கேள்வியெல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

வாரண்டி, எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஏஎம்சி, எல்லாம் ஒண்ணுதானே அக்கா?

இல்ல. வாரண்டிங்கறது பொருளோட விலையிலயே சேந்து வர்றது, பெரும்பாலும் 1 வருஷம், சில பொருளுக்கு 2 வருஷம், சில வாஷிங் மெஷினுக்கு 4 வருஷம் கூட குடுக்கறாங்க. அது முடிஞ்ச மறுநாள்ல இருந்து, ரிப்பேர் வந்தா செலவை நாங்க பாத்துக்கறோம்னு தனியா காசு வாங்கிட்டு தர்ற பேப்பர்தான் எக்ஸ்டெண்டட் வாரண்டி. ரிப்பேர் வரலைன்னா அந்தக் காசு போனதுதான்.

ஏஎம்சி வருஷா வருஷம் கட்டறது. அதுல வருஷத்துக்கு 2, 3 தடவை ஆள் வந்து சுத்தம் பண்ணிட்டுப் போவாங்க, ஏசிக்கும் வாட்டர் பியூரிஃபையருக்கும் அதுதான் அதிகம். எக்ஸ்டெண்டட் வாரண்டில பெரும்பாலும் இந்த சர்வீஸ் வராது, கெட்டுப் போனாத்தான் வருவாங்க. "வாரண்டி போட்டிருக்கேனே, ஏன் ஏசி கழுவ வரலை"ன்னு சர்வீஸ் டெஸ்க்ல என்கிட்ட சண்டை போட்டவங்க எத்தனையோ பேர்.

ஃபிரிட்ஜ் கதவுலயே 10 வருஷ வாரண்டின்னு பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?

அந்த ஸ்டிக்கர்ல பெரிய எழுத்துக்குக் கீழ குட்டி எழுத்து ஒண்ணு இருக்கும், கண்ணாடி போட்டுட்டுப் படிங்க. 10 வருஷம் கம்ப்ரஸருக்கு மட்டும். வாஷிங் மெஷின்னா மோட்டாருக்கு மட்டும். மத்த எல்லாத்துக்கும் பெரும்பாலும் 1 வருஷம்தான். அந்தக் கம்ப்ரஸர்லயும் பாருங்க, பெரும்பாலும் பாகம் மட்டும்தான் ஃப்ரீ, அதை மாத்தற கூலி, திரும்ப கேஸ் அடிக்கறது, வண்டி வாடகை, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி எல்லாம் நம்ம தலைல. 5ஆவது வருஷம் கம்ப்ரஸர் போச்சுன்னா "ஃப்ரீ"ன்னு நெனைச்சு ஜாலியா இருக்கறவங்க கையில 4,000, 5,000ன்னு பில் வரும்.

உண்மையில கம்ப்ரஸரும் மோட்டாரும் அவ்வளவு சீக்கிரம் போறதில்ல. அதனாலதான் 10 வருஷம்னு தைரியமா எழுதறாங்க. போறது எல்லாம் எலக்ட்ரானிக் போர்டு, சென்சார், ஃபேன், வால்வு, டிரெயின் பம்ப், இந்த மாதிரி சில்லறை சாமான்தான்.

சேல்ஸ்மேன் "இப்ப எடுக்கலைன்னா அப்புறம் கிடைக்காது மேடம்"ங்கறாரு. நிஜமா?

கடையோட சொந்த ப்ளான்னா நிஜமா இருக்கலாம். ஆனா கம்பெனியே தர்ற எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பெரும்பாலும் முதல் வருஷ வாரண்டி முடியறதுக்குள்ள எப்ப வேணா எடுக்கலாம், கஸ்டமர் கேர்ல கேட்டா சொல்லிடுவாங்க. அதனால 11ஆவது மாசம் காலண்டர்ல ஒரு வட்டம் போட்டு வைங்க. அந்த 11 மாசத்துல அந்தப் பொருள் எப்படி நடந்துக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். ரெண்டு தடவை ஆள் வந்துட்டுப் போயிருந்தா எடுங்க. சத்தமில்லாம ஓடுதுன்னா விட்டுடுங்க.

அந்தப் பையனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ராத்திரி 9 மணிக்கு ஷட்டர் பாதி இறக்கினதும் மேனேஜர் கேக்கற முதல் கேள்வி "இன்னிக்கு அட்டாச் எவ்வளவு?" 10 டிவி வித்தா எத்தனை டிவிக்கு வாரண்டி ஒட்டினேங்கறதுதான் அட்டாச். டிவில கடைக்கு நிக்கற லாபத்தை விட அந்தப் பேப்பர்ல நிக்கறது விகிதத்துல அதிகம், அதுக்குத் தனி இன்சென்டிவும் உண்டு. நானும் வித்திருக்கேன். மிக்ஸிக்குக் கூட வித்திருக்கேன், இப்ப நெனைச்சா வெக்கமா இருக்கு.

கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா, ஆன்லைன்ல வர்றதா, எது நல்லது?

எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா கம்பெனியோடது. ஒரிஜினல் பாகம் வரும், அதே சர்வீஸ் சென்டர் ஆளு வருவாரு, பழுதைப் பத்தி ரெண்டு கம்பெனி நடுவுல நம்மளைப் பந்தாட மாட்டாங்க. கடையோடதோ, வாரண்டி மட்டும் விக்கற மூணாவது கம்பெனியோடதோ எடுத்தா, போன் எடுக்கறது ஒருத்தர், ரிப்பேருக்கு வர்றது இன்னொருத்தர், "அப்ரூவல்" குடுக்கறது எங்கயோ இருக்கற வேறொருத்தர். அந்த அப்ரூவல் வர்ற வரைக்கும் துணி பக்கெட்லதான் ஊறும்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், கடை ப்ளான் எப்பவுமே மோசம்னு இல்ல. சிலது கம்பெனியோடதை விட மலிவு, நீங்க கை தவறி உடைச்சதுக்குக் கூட கவர் தர்ற ப்ளானும் இருக்கு. ஆனா பில்லைப் பாத்து அது யார் பேர்ல இருக்குன்னு கண்டுபிடிங்க. "வாரண்டி"ன்னு ஒத்தை வார்த்தை மட்டும் இருந்து, யார் தர்றாங்க, எந்தத் தேதியில ஆரம்பிச்சு எந்தத் தேதியில முடியுதுன்னு இல்லைன்னா கடையை விட்டு வெளில வராதீங்க.

நேராவே சொல்லுங்க, எதுக்கு எடுக்கலாம், எதுக்கு வேண்டாம்?

என் கணக்கு சுலபம். ஒத்தை ரிப்பேர்ல பொருளோட பாதி விலை போயிடும்னா யோசிக்கலாம். ரிப்பேர் எல்லாம் 2,000, 3,000க்குள்ள முடியும்னா வேண்டாம்.

பெரிய டிவி: யோசிக்கலாம். டிவில போறது பேனல், அதாவது திரை, பேனல் போச்சுன்னா கிட்டத்தட்ட டிவியே போன மாதிரி. ஃபிரிட்ஜ்: வேண்டாம். கீசர், மைக்ரோவேவ், சிம்னி: வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டர் ஏசி: போர்டு விலை அதிகம், கேஸ் லீக் தொல்லையும் உண்டு, ஆனா சில கம்பெனிங்க இப்ப போர்டுக்கே 5 வருஷம் சும்மா குடுக்கறாங்க, முதல்ல அதைப் பாருங்க. அதுவும் பெங்களூர்ல ஏசியை வருஷத்துல 3 மாசம் ஓட்டறோம். மும்பை செம்பூர்ல இருக்கற என் சித்தி பொண்ணு வருஷம் முழுக்க ஓட்டறா, கடல் காத்துல அவ வீட்டு ஏசி காயில் அரிச்சு கேஸ் ரெண்டு தடவை போச்சு. அவளுக்குச் சரின்னு படறது நமக்குச் சரியா இருக்கணும்னு இல்ல.

ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின்: உங்க வீட்டுக் குழாய்ல என்ன தண்ணி வருதுங்கறதைப் பொறுத்தது, கீழ தனியா எழுதியிருக்கேன். டாப் லோடு: வேண்டாம். வாட்டர் பியூரிஃபையருக்கு மட்டும் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பதிலா ஏஎம்சி எடுங்க, ஃபில்டரும் மெம்பிரேனும் சேந்து வர்ற மாதிரி.

கணக்கு போட்டு எப்படிப் பாக்கறது? எனக்கு இந்த சதவீதமெல்லாம் வராது.

சதவீதமே வேண்டாம். ப்ளான் விலையையும், பெரிய ரிப்பேருக்கு ஆகற செலவையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. எங்க மாடில ஒருத்தர் வாங்கின வாஷிங் மெஷின், ப்ளான் 3,299. அதோட போர்டு மாத்த சர்வீஸ் சென்டர்ல கேட்டப்போ 6,500 சொன்னாங்க. அதாவது அந்த 2 வருஷத்துல போர்டு போறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாத்தான் நமக்கு சரிக்குச் சரி. பாதிப் பேர் வீட்டு மெஷின் 2ஆவது, 3ஆவது வருஷத்துலயே படுத்துடுதா என்ன? அதே ஆள் வாங்கின 55 இன்ச் டிவிக்கு ப்ளான் 4,999, பேனல் மாத்தினா 30,000. இங்க 6 பேர்ல ஒருத்தருக்குப் போனாலே சரிக்குச் சரி. இதுல கொஞ்சம் அர்த்தம் இருக்கு.

இன்னொண்ணு, பொருள் கெட்டுப் போறதுக்கு ஒரு நேரம் இருக்கு. தயாரிப்புல கோளாறுன்னா முதல் சில மாசத்துலயே காட்டிடும், அது ஃப்ரீ வாரண்டில போயிடும். தேஞ்சு கெடறது 7, 8 வருஷத்துக்கு மேல. நடுவுல இருக்கற 2, 3, 4ஆவது வருஷம்தான் பொருள் ஒழுங்கா ஓடற காலம், நம்மகிட்ட விக்கறது கரெக்டா அந்த வருஷங்களைத்தான்.

என்னென்ன கவர் ஆகாது? அந்தப் பொடி எழுத்தைப் படிக்கவே முடியல.

ரப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி, கதவு காஸ்கெட், பல்பு, ரிமோட், ஃபில்டர், ஹோஸ் பைப், இதெல்லாம் பெரும்பாலும் கிடையாது. துரு, உப்புப் படிஞ்சது, எலி, கரப்பான், எறும்பு கிடையாது. கரண்ட் ஏத்த இறக்கத்துல போனது, தண்ணி புகுந்தது, கீழ விழுந்ததும் பெரும்பாலும் கிடையாது. பிஜி ஹாஸ்டல்ல, பார்லர்ல, மெஸ்ல வெச்சு ஓட்டினா வியாபாரத்துக்குன்னு சொல்லித் தள்ளிடுவாங்க. ஏசிக்கு கேஸ் சேருமா சேராதான்னு தனியா கேளுங்க, சில ப்ளான்ல இருக்கு, சிலதுல இல்ல, அந்த ஒரு வரில 3,000 ரூபா வித்தியாசம்.

வெள்ளம் வந்தா? 2022 செப்டம்பர்ல பெல்லந்தூர் பக்கம் கிரவுண்டு ஃப்ளோர்ல தண்ணி ஏறினப்போ ஃபிரிட்ஜ், மெஷின் எல்லாம் மிதந்துச்சு, எந்த வாரண்டியும் அதுக்கு வராது. அதுக்கு வீட்டு இன்ஷூரன்ஸ்தான் வேணும். 2021 ஏப்ரல்ல இருந்து பாரத் கிருஹ ரக்ஷான்னு எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஒரே மாதிரி பாலிசி விக்கறாங்க, வெள்ளம், தீ எல்லாம் அதுல சேரும். ஆனா மெஷின் தானா கெட்டா அது தராது. ரெண்டும் வேற வேற வேலை.

எலி வயரைக் கடிச்சுடுச்சு, வாரண்டி இருந்தும் காசு கேக்கறாங்க. நியாயமா?

நியாயமோ இல்லையோ, பேப்பர்ல அப்படித்தான் இருக்கு. என் வீட்லயே நடந்துச்சு. மெஷின் ஆன் ஆகல, வாரண்டி இன்னும் 5 மாசம் பாக்கி. வந்த பையன் மெஷினைச் சுவத்துல இருந்து இழுத்து, போன்ல டார்ச் போட்டுக் கீழ குனிஞ்சான். அரிசி மாதிரி கறுப்பா எலிப் புழுக்கை, பக்கத்துல நான் ஒரு மாசமா தேடின கிச்சன் துணி, கிழிச்சுக் கூடு கட்டி வெச்சிருக்கு. நீல வயரும் மஞ்சள் வயரும் கடிச்சுத் துப்பி செம்புக் கம்பி தெரியுது. நான் சமாதானம் பேசறதுக்குள்ள அவன் போட்டோ எடுத்து அனுப்பிட்டான். "எலி மேடம், கவராகாது." வயர் செட் மாத்தி 2,350 கட்டினேன். சர்வீஸ் டெஸ்க்ல உக்காந்து அதே வரியை எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன்.

நிறைய மெஷினுக்கு அடிப்பக்கம் திறந்தேதான் இருக்கும். அடில போடற எலி வலை, தகடு ரெண்டும் சில நூறு ரூபாதான். டெலிவரி அன்னிக்கே இன்ஸ்டலேஷன் ஆள்கிட்ட சொல்லிப் போட வைங்க. பால்கனில மெஷின் வெச்சிருக்கறவங்களுக்கு இது கட்டாயம்.

எங்க ஏரியால டேங்கர் தண்ணி, ஒரே உப்பு. அப்ப ஃபிரண்ட் லோடுக்கு எடுத்துடலாமா?

டேங்கர் தண்ணியும் போர்வெல் தண்ணியும் கலந்து வர்ற வீடுன்னா, ஃபிரண்ட் லோடுக்கு எடுக்கறதுல தப்பில்ல. உள்ள தண்ணி சூடு பண்ற ஹீட்டர் மேல வெள்ளையா கல்லு மாதிரி படிஞ்சு அது கருகும், டிரம்முக்குப் பின்னாடி மூணு கால் மாதிரி ஒரு அலுமினிய பாகம் இருக்கும், அது வருஷக்கணக்குல அரிச்சு உடைஞ்சா டிரம் தடதடன்னு ஆடும். அந்த ரிப்பேர் செலவு தாங்காது. ஆனா ப்ளான் எடுக்கறதுக்கு முன்னாடி "உப்புப் படிவத்தால வந்த பழுது"ன்னு விலக்குல இருக்கா பாருங்க. இருந்துச்சுன்னா நீங்க எதுக்குப் பயந்து எடுக்கறீங்களோ அதுக்கே அது உதவாது.

எப்படி இருந்தாலும் மாசம் ஒரு தடவை, இல்லைன்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை டீஸ்கேல் பவுடர் போட்டு வெறும் மெஷினை சுடுதண்ணில ஓட்டுங்க, பைப் சேர்ற இடத்துல இருக்கற குட்டி ஜல்லடையைக் கழட்டிக் கழுவுங்க. 2024 அக்டோபர்ல காவேரி 5ஆவது கட்டம் தொடங்கி வெச்சாங்க, சுத்துப்பட்டு 110 கிராமத்துக்கும் தண்ணி தர்றதுக்கான திட்டம். உங்க பில்டிங்குக்கு கனெக்‌ஷன் வந்துடுச்சுன்னா இந்தக் கவலை பாதி குறையும். ஓனர் சம்ப்ல அதையும் போரையும் கலந்து விடறாரான்னு மட்டும் வாட்ச்மேன்கிட்ட விசாரிங்க, ஓனர் சொல்ல மாட்டாரு.

கரண்ட் ஏறி டிவி எரிஞ்சு போச்சு. டெக்னீஷியன் எப்படிக் கண்டுபிடிக்கறாரு? பேசாம இருந்தா தெரியுமா?

தெரியும். போர்டுல ஒரு சின்ன வட்ட சாமான் கருகி வெடிச்சிருக்கும், அதைப் பாத்ததுமே சொல்லிடுவாங்க. அதோட பக்கத்து வீட்லயும் அன்னிக்கே ரெண்டு டிவி போயிருக்கும். பில்டிங்ல நியூட்ரல் வயர் கழண்டா 230 வோல்ட் வர்ற இடத்துல 400 கிட்ட வந்துடும், பெரும்பாலான வாரண்டி பேப்பர் அதைத் தாங்காது. "ஸ்டெபிலைசர் தேவையில்ல"ன்னு ஃபிரிட்ஜ்ல எழுதியிருந்தாலும் எத்தனை வோல்ட்ல இருந்து எத்தனை வோல்ட் வரைக்கும்னு அளவு போட்டிருப்பாங்க, அதைத் தாண்டினா அவங்க பொறுப்பில்ல. வாரண்டிக்கு வெச்சிருந்த காசுல நல்ல ஸ்டெபிலைசர் வாங்கறது மேல்.

நாங்க வாடகை வீடு, 11 மாசத்துக்கு ஒரு தடவை மாறுவோம். ஊருக்கே திரும்பிப் போனா வாரண்டி செல்லுமா?

கம்பெனியோடதுன்னா பெரும்பாலும் நாடு முழுக்கச் செல்லும், அட்ரஸ் மாத்தச் சொல்லி ஒரு போன் போட்டா போதும். கடையோடதுன்னா அந்தக் கடைக்கு ஆள் இருக்கற ஊர்லதான். சேலத்துக்குப் போயிட்டீங்கன்னா பரவாயில்ல, அங்கயிருந்து உள்ள 25 கிலோமீட்டர் போயிட்டீங்கன்னா "அந்த பின்கோடுக்கு சர்வீஸ் இல்ல"ம்பாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஊர் பின்கோடைச் சொல்லிக் கேளுங்க.

வீடு மாறும்போது இன்னொரு கண்ணி இருக்கு. பேக்கர்ஸ் ஆளே ஏசியைக் கழட்டி மாட்டித் தர்றேம்பாரு, 800 ரூபா மிச்சம்னு நாமளும் தலையாட்டுவோம். அதுக்கப்புறம் கேஸ் லீக் ஆனா "வெளி ஆள் தொட்டிருக்கான்"னு கம்பெனி கை விரிச்சுடும். ஃபிரண்ட் லோடு மெஷின்ல டிரம் ஆடாம இருக்கப் பின்னாடி போட்டு வந்த போல்ட் எல்லாத்தையும் பத்திரமா வெச்சு, ஏத்தறதுக்கு முன்னாடி திரும்பப் போடுங்க.

லோக்கல் மெக்கானிக் ஒரு தடவை திறந்துட்டாரு. இனி வாரண்டி அவ்வளவுதானா?

சீல் உடைஞ்சிருந்தா, பாகம் மாத்தியிருந்தா அவ்வளவுதான். வாரண்டி ஓடற வரைக்கும் கை வைக்க விடாதீங்க. வாரண்டி முடிஞ்ச பிறகு நல்ல லோக்கல் ஆள் வரம். போர்டு முழுசா மாத்தணும்னு சர்வீஸ் சென்டர்ல 6,500 சொன்ன அதே மெஷினை எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோடுல ஒரு சின்னக் கடைல 1,200க்கு போர்டை மட்டும் சரி பண்ணிக் குடுத்தாங்க, ரெண்டு வருஷமா ஓடுது. இந்த வழி இருக்கறதும் மேல போட்ட கணக்கை மாத்தும், ப்ளானோட போட்டி 6,500 கிட்ட இல்ல, 1,200 கிட்ட.

வாரண்டி எந்தத் தேதியில இருந்து? நாங்க ஆடில ஆஃபர்ல வாங்கி, வீடு குடி போனது தைலதான்.

பெரும்பாலும் பில் தேதில இருந்து. பொருள் பெட்டிக்குள்ள தூங்கினாலும் வாரண்டி ஓடும். 2023ல தீபாவளி சீசனுக்கு முன்னாடி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கம்பெனிங்களுக்குக் கடிதம் எழுதி, ஆள் வந்து மாட்ட வேண்டிய பொருளுக்கு மாட்டின தேதில இருந்து வாரண்டியைக் கணக்கு வைங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. கேட்டுக்கிட்டதுதான், சட்டம் இல்ல. உங்க கம்பெனி எப்படிங்கறதை வாரண்டி கார்டுல பாருங்க, மாட்டின அன்னிக்கு வந்த மெசேஜை அழிக்காதீங்க. எக்ஸ்டெண்டட் எந்தத் தேதில ஆரம்பிக்குதுன்னும் பாருங்க, வாங்கின நாள்ல இருந்தே ஓட விட்டு "3 வருஷம்"னு வித்தா அதுல முதல் வருஷம் உங்களுக்கு ஏற்கனவே சும்மா கிடைச்சதுதான்.

ரிப்பேரே பண்ண முடியலைன்னா புதுசு தருவாங்கதானே? சேல்ஸ்மேன் அப்படித்தான் சொன்னாரு.

சொல்லுவாங்க. பேப்பர்ல "தேய்மானம்"னு ஒரு அட்டவணை இருக்கும். 40,000 ரூபா டிவி, 4ஆவது வருஷம் பாதி மதிப்புன்னு அதுல போட்டிருந்தா உங்களுக்கு வர்றது 20,000தான், அதுவும் சில இடத்துல அதே கடையோட வவுச்சரா. அதோட ப்ளானும் முடிஞ்சுடும். பாகம் கிடைக்கலைன்னாலும் இதே வழிலதான் முடிப்பாங்க, டிவி பேனலுக்கு இது அடிக்கடி நடக்கறது. அதனால மேல டிவிக்கு 6ல ஒண்ணுன்னு போட்ட கணக்குல 30,000க்குப் பதிலா அட்டவணைல இருக்கற தொகையைப் போட்டுப் பாருங்க, 20,000னா 4ல ஒண்ணு ஆயிடும்.

ஆன்லைன்ல வாங்கினேன், நான் கேக்காமலே கூடைல வாரண்டியும் சேந்திருக்கு. பணம் போயிடுச்சு.

2023 நவம்பர் 30ல மத்திய அரசு ஒரு வழிகாட்டு விதி கொண்டு வந்துச்சு, ஆன்லைன்ல ஏமாத்தற 13 வித தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்காங்க. நமக்குத் தெரியாம கூடைல ஒரு பொருளைப் போடறதும், "இன்னும் 5 நிமிஷம்தான்"னு பொய்யா அவசரப்படுத்தறதும் அதுல உண்டு. முதல்ல ஆப்லயே கேன்சல் போடுங்க, ப்ளான் இன்னும் ஆரம்பிக்கலைன்னா சில இடத்துல முழுசா திரும்ப வரும். வரலைன்னா அடுத்த பதில்ல இருக்கற வழி.

கடைல ஈஎம்ஐ போடும்போதும் இதே கதைதான். மாசம் 275தானே கூடன்னு சொல்லி உள்ள தள்ளிடுவாங்க. மொத்தத் தொகையை வாய் விட்டுப் படிக்கச் சொல்லுங்க.

காசும் கட்டியாச்சு, மூணு வாரமா ஆளே வரல. யார்கிட்ட போறது?

முதல்ல போன்ல பேசறதை நிறுத்திட்டு மெயில்லயோ ஆப்லயோ எழுதுங்க, கம்ப்ளெயிண்ட் நம்பர் வாங்குங்க. அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். நிறைய கம்பெனி அங்கயிருந்து புகார் போனதும் மறுவாரமே ஆள் அனுப்பறதை சர்வீஸ் டெஸ்க்ல இருந்து நானே பாத்திருக்கேன், அந்தப் புகாருக்குத் தனி ஃபைல், மேனேஜரே நின்னு முடிப்பாரு.

அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்துல நீங்க குடியிருக்கற ஊர்லயே வழக்கு போடலாம், கடை மும்பைல இருந்தாலும் பெங்களூர்ல போடலாம். கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயமில்ல, இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்லயே போடலாம். பிரச்சனை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

ஒரு எச்சரிக்கை, கஸ்டமர் கேர் நம்பரை இன்டர்நெட்ல தேடி முதல்ல வர்றதுக்கு அடிக்காதீங்க. எங்க பிளாக்ல ஒரு தாத்தா அப்படி அடிச்சு, "10 ரூபா ரிஜிஸ்ட்ரேஷன்"னு வந்த லிங்க்கைத் தொட்டு 38,000 போச்சு. பில்லுல, கார்டுல, பொருள் மேல ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கற நம்பர் மட்டும்.

அப்பா அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. அவங்களுக்கு வாங்கித் தர்ற ஃபிரிட்ஜுக்கும் வேண்டாமா?

இங்கதான் என் கணக்கு எனக்கே உதைக்குது. காசு கணக்குல வேண்டாம். ஆனா 74 வயசு அப்பா மெக்கானிக்கைத் தேடி அலைஞ்சு, வந்தவன் 900 ரூபா சாமானுக்கு 4,000 கேட்டு, அவர் நமக்குத் தெரியக் கூடாதுன்னு குடுத்துட்டு இருக்கறதை விட, ஒரே நம்பர், ஒரே கம்பெனி, காசு பேச்சே இல்லன்னு இருக்கறது நல்லதுதான். அவங்களுக்குக் கம்பெனி ப்ளான் எடுங்க, ஆனா உங்க போன் நம்பரைக் குடுத்துப் பதிவு பண்ணுங்க, கம்ப்ளெயிண்ட்டை பெங்களூர்ல இருந்து நீங்களே போடலாம். அந்த ஊருக்கு ஆள் வருவாங்களான்னு பின்கோடு கேட்டுக்கறது இங்கயும்தான்.

பில்லு தொலைஞ்சு போச்சு. வாரண்டி போச்சா?

கடைல போன் நம்பர் சொன்னா பெரும்பாலும் எடுத்துத் தருவாங்க. அந்த வெள்ளைத் தாள் பில் 6 மாசத்துல மசங்கிடும், வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்து, பொருளோட சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் எடுத்து, உங்களுக்கே மெயில் பண்ணிக்கோங்க.

எல்லாம் சரி, நீங்க உங்க வீட்டுக்கு எடுத்தீங்களா?

டிவிக்கு எடுத்தேன், கம்பெனியோடது, 11ஆவது மாசம். இதுவரைக்கும் அதுக்கு வேலை வரல. மத்த எதுக்கும் எடுக்கல. அதுக்குப் பதிலா ஏடிஎம் கார்டு இல்லாத ஒரு பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட்ல மாசம் 500 போடறேன், வீட்டுக்காரர் அதுக்கு "எலி ஃபண்ட்"னு பேர் வெச்சிருக்காரு. 3 வருஷத்துல 18,000 போட்டாச்சு. ஃபிரிட்ஜ் ஃபேன் 1,850, மெஷின் வால்வு 1,200, சிம்னி மோட்டார் 2,400ன்னு எடுத்தது 5,450. மீதி 12,550 இருக்கு. கீசர் அடில ஒரு வாரமா சொட்டுது, டேங்க் வாரண்டி 5 வருஷம், போன மாசம் 14ஆம் தேதியோட முடிஞ்சுது.